செவலைக் கோழியின் போஸ்ட்மார்ட்டம்

போன வாரம் நான் டாக்டர் ஆனேன்.

பரீட்சை, பட்டம் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டு ஜெயக்கொடி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "அக்கா, செவல தூங்கித் தூங்கி விழுதுக்கா. ஒரு எட்டு வந்து பாருங்களேன்." செவலை என்பது அவள் வீட்டுக் கோழி. அவ்வளவுதான்... அடுப்பில் இருந்த இட்லிப் பானையை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

என்னை ஏன் கூப்பிட்டாள் என்று கேட்பீர்கள். நான் காடு கரை உள்ள வீட்டில் பிறந்தவள். "கோழியோடேயே வளர்ந்தவளாக்கும் நான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடமும் இந்தப் பக்கத்தில் பீற்றியிருப்பேன். கோழியோடு வளர்ந்தால் கோழி வைத்தியம் வந்துவிடுமா? தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு பஸ் ஓட்ட வருமா? இதையெல்லாம் இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

ஜெயக்கொடி நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் தனியாக இருக்கிறாள். வீட்டில் இருந்தபடியே பேப்பர் குழாய் சுருட்டுகிறாள். பட்டாசுக்கான வெறும் காகிதக் குழாய்தான். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். இவள் வீட்டில் காகிதக் கட்டும் பசைச் சட்டியும் மட்டும் இருக்கும். இப்போது சீசன் ஆர்டர் வேறு. லோடு இறக்கிவிட்டுப் போனார்கள் என்றால் அவளுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தக் காகிதத்துக்கு நடுவில்தான்.

செவலை கொல்லையில் நின்றது. நின்றது என்று எப்படிச் சொல்வது? சிறகைத் தொங்கப் போட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து... காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் போல. கொண்டை கறுத்திருந்தது. எச்சத்தைப் பார்த்தேன். பச்சை.

"வெள்ளைக்கழிச்சல்" என்றேன்.

பெயர்தான் வெள்ளை. எச்சம் பச்சையாகவும் போகும். ஒரு கோழிக்கு வந்தால் கூண்டையே காலி பண்ணிவிடும். அம்மா வீட்டில் அப்படிக் காலியானதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராதபோதுதான் மனுஷன் கவனமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

"இத மத்த கோழிகளோட விடாத. தனியா கட்டிப் போடு" என்று உத்தரவு போட்டேன்.

துவைக்கிற கல் பக்கத்தில் வேப்பமர நிழலில் கட்டினாள். குழாய் சுருட்டும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். "இங்கன கெடந்தா நா பாத்துக்கிட்டே இருப்பேன்க்கா" என்றாள். நல்ல யோசனைதான் என்று நானும் தலையாட்டினேன்.

கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம்... எல்லாம் அம்மியில் வைத்து அரைத்து உருண்டை பிடித்தேன். ஜெயக்கொடி வாயைத் திறந்து பிடித்துக்கொள்ள நான் உள்ளே தள்ளினேன். கோழி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அதற்குள் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. எதிர் வீட்டுச் சண்முகத்தாய் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் சீக்குக் கோழிக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் உண்டு. அது சாவதற்குள் குழம்பு வைத்துவிடுவது. கோழி தலையைத் தொங்கப்போட்டால் மசால் அரைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்னத்துக்குத்தா அதப் போட்டுப் பாடாப் படுத்துறீக? உசுரு இருக்கும்போதே அறுத்துரு. செத்துப்போனா ஒண்ணுக்கும் ஆகாது" என்றார் சண்முகத்தாய் அக்கா.

ஜெயக்கொடி கோழிக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

அவளுக்கு அது வெறும் கோழி இல்லை. செவலையைக் கொண்டுவந்தவர் அவள் கணவர் செல்வம். காரியாபட்டியில் இருக்கும் அவருடைய அக்கா, தீபாவளிக் குழம்புக்கு என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்ட கோழி அது. வரும் வழியில் பஸ்ஸிலேயே பைக்குள் முட்டை இட்டுவிட்டது. "டிக்கெட்டுக்குப் பதிலா முட்டையக் குடுத்துட்டு வருது. இத எப்பிடி அறுக்க?" என்று செல்வம் தெருவில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது.

அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை. ஒரு நாள் அந்த அறையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கோழி மட்டும் இருந்தது. முட்டை இட்டது, குஞ்சு பொரித்தது, இவள் வாசல் தெளிக்க வந்தால் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. "வீட்டுக்குள்ள நா பேசினா கேக்க அது ஒண்ணுதான்க்கா இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். இப்போது தெரிகிறதா, அவள் ஏன் குறுக்கே வந்து நின்றாள் என்று?

நானும் விடாமல் வைத்தியம் பார்த்தேன். யூடியூபில் வேறு தேடினேன். அதில் ஆளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள், அத்தனை பேரும் நன்றாக ஆனதாகவே சொல்கிறார்கள். எங்கள் கோழி மட்டும் யூடியூப் பார்க்கவில்லை. உருண்டையைக் கக்கியது. தண்ணீருக்கு மட்டும் தவித்தது. எச்சம் இன்னும் பச்சையானது. வெள்ளிக்கிழமை காலையில் ஜெயக்கொடி கூப்பிடவே இல்லை. நானாகப் போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செவலை. கால் விறைத்துப் போயிருந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "இதக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாத்தா மத்த கோழிகளுக்கு என்ன செய்யணும்னு சொல்லுவாக" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் மாறிவிட்டது.

"வேண்டாம்க்கா."

"இல்ல ஜெயக்கொடி, மத்ததெல்லாம்..."

"ஒரு தடவ அறுக்கக் குடுத்துட்டு வெளிய நின்னேன். போதும்க்கா. இத நா முழுசாப் பொதைக்கணும்."

பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம், அந்த இரும்புக் கதவு. செல்வத்தை உள்ளே கொண்டுபோன அன்றைக்கு அவளோடு நானும்தான் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. எங்கேயோ கையெழுத்து வாங்கினார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரிக்கக் கூடாது என்றார்கள். அது தெரிந்தும் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன் பாருங்கள். என் நாக்கை எதைக் கொண்டு அடிக்க?

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் முருங்கை மரத்தடிக்குப் போனாள். குழி பாதி கூட ஆகியிருக்காது. கோழி அடைக்கிற பஞ்சாரத்துப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். செவலை பொரித்த வெடக்கோழி, இன்னும் முட்டைக்கு வராதது, சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றது.

பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஆட்டோவக் கூப்பிடுங்கக்கா" என்றாள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். ஒரு கூடையில் செத்த கோழியும் இன்னொரு கூடையில் சாகப்போகிற கோழியுமாக நாங்கள் போய் நின்றதைப் பார்த்து எழுந்து வந்தார். ஜெயக்கொடி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அறுக்கும்போது நா உள்ள நிக்கலாமா சார்?"

"தாராளமா நில்லுங்கம்மா. நீங்களும் பாக்கணும்ல?" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இரை தங்கும் பையைத் திறந்ததும் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் வந்தது. குழம்பு வைக்கும்போது உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, இரை அரைபடுகிற பை... அந்தத் தோல் பச்சை பாய்ந்து துண்டு துண்டாகக் கழன்று வந்தது.

"கழிச்சல் சீக்கு மாதிரி தெரியலம்மா. இது விசம். வீட்டுல மயில்துத்தம் பொழங்குறீகளா?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

துத்தமா? இந்த ஊரில் துத்தம் இல்லாத பசை ஏது? மைதா மாவைக் காய்ச்சி, கரப்பான் பூச்சி அரிக்காமல் இருக்க அந்த நீல மயில்துத்தத்தைக் கலக்காமல் நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸிலும் ஒரு புத்தகம் ஒட்டியதில்லை. என் புடவை முந்தானையில்கூடக் காய்ந்த பசை இருக்கும். தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படுவதே இல்லை. பச்சை எச்சத்தைப் பார்த்துவிட்டு நான் அம்மா வீட்டுக் கோழியை நினைத்தேனே தவிர, பக்கத்தில் இருந்த பசைச் சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டிய மூடித்தான் சார் வைப்பேன். கோழி அதுல வாய் வச்சதே இல்ல" என்றாள் ஜெயக்கொடி.

"சட்டிய எங்கன கழுவுவீக?"

துவைக்கிற கல்லில்தான் கழுவுவாள். சீசன் வந்ததிலிருந்து பெரிய சட்டி, நிறையப் பசை. கழுவிய தண்ணீர் கல்லுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும். இந்த வெயிலில் கோழிகளுக்கு அது குளம். செவலையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டு, உருண்டை உருண்டையாக வைத்தியம் பார்த்தோம்.

"அப்ப நாந்தானா சார்?" என்றாள்.

"தெரிஞ்சா செஞ்சீக? இல்லைல்ல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. அந்தத் தண்ணில கோழிக வாய் வைக்காமப் பாத்துக்கிட்டா மத்ததெல்லாம் பொழைச்சுக்கிடும்" என்றார். வெடக்கோழிக்கு மருந்து கொடுத்தார். எப்படிக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது, சட்டியை எங்கே கழுவ வேண்டும்... எல்லாம் சொன்னார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார்.

"இதுக்கு வலிச்சிருக்குமா சார்?"

"வலிச்சிருக்கும்மா. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டாள். அழுதாள். ஆனால் அது பெரியாஸ்பத்திரி வாசலில் அழுத அழுகை இல்லை.

வீட்டுக்கு வந்து செவலையைப் புதைத்தோம். பள்ளத்தில் மண் போட்டு மூடினோம். மறுநாள் வெடக்கோழி கண்ணைத் திறந்தது. அதற்கு மறுநாள் நொய் அரிசியைக் கொத்தியது. நான் சந்தோஷமாகப் பார்க்கப் போனால், ஜெயக்கொடி சுருட்டிய குழாயைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, ஒரு கோழிக்கு அந்த டாக்டரு எம்புட்டு நேரம் நின்னு சொன்னாரு பாத்தீகளா? எதனால, எங்கன பட்டுச்சு, இனிமே என்ன செய்யணும்னு. எங்க வீட்டுக்காரருக்கு ஒருத்தரும் சொல்லலையேக்கா."

கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

"பேப்பர்ல உராய்வுன்னு போட்டிருந்தாக. எதோட எது உராஞ்சுச்சு? எதனால உராஞ்சுச்சு? கம்பெனில கேட்டேன், விதின்னாக. ஆஸ்பத்திரில கேட்டேன், தீக்காயம்னாக. தீக்காயம்னு எனக்குத் தெரியாதாக்கா? எதனாலன்னு பாத்துச் சொல்லியிருந்தா, இப்ப அங்கன வேல பாக்குறவுகளாவது சூதானமா இருப்பாகல்ல?"

வாரா வாரம் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த விபத்தானாலும் செய்தியில் அந்த ஒரு சொல்தான். உராய்வு. அதைப் படித்துவிட்டு நானும் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய?

எங்கள் தெருவில் குழாய் சுருட்டும் வீடுகளில் எல்லாம் இப்போது பசைச் சட்டி கழுவும் இடம் மாறிவிட்டது. சண்முகத்தாய் அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். செல்வம் வேலை பார்த்த கம்பெனியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகக் கட்டிய அறையில் வேறு யாரோ மருந்து கலக்குகிறார். செல்வம் எதனால் செத்தார் என்று ஜெயக்கொடிக்கும் தெரியாது, அந்த மனிதருக்கும் தெரியாது.

கோழி எதனால் செத்தது என்று மட்டும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.