பாண்டியம்மாள் கேட்ட ஸ்விட்ச்

ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணிக்கு என்னை வழக்கமாக ஏற்றிப்போகும் எலெக்ட்ரிக் ஆட்டோ போன வாரம் படுத்துவிட்டது. ஓட்டுநர் பாண்டியம்மாள் போன் செய்தார்.

"அண்ணே, கன்ட்ரோலர்ல ஸ்விட்ச் எரிஞ்சிருச்சாம். தனியா வரவழைக்கணும்னு மெக்கானிக் சொல்றாரு. ஸ்விட்சுதானே... சாதா ஸ்விட்ச் ஒண்ணு மாட்டக் கூடாதா? என்னைய ஏமாத்துறாரோன்னு இருக்கு. நீங்க எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர்ல?"

டிகிரி இருக்கிறது. பதில்? பவர் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பரை மனப்பாடம் செய்து தாண்டியவன் நான்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா" என்றேன். கம்பீரமாகத்தான்.

"அப்ப கூட வாங்கண்ணே. நீங்க இருந்தா ஏமாத்த மாட்டாரு."

போனேன். வேறு வழி?

மெக்கானிக் சரவணன் கறுப்புச் சில்லு ஒன்றைக் காட்டினார். "இதான்க்கா ஸ்விட்ச். செமிகண்டக்டர். நீங்க ஆக்சிலேட்டரைத் திருகுனா இது செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ ஆன் ஆகி ஆஃப் ஆகும். எம்புட்டு நேரம் ஆன்ல இருக்கோ, அம்புட்டு வேகம். சாதா ஸ்விட்சுல தகடு போய் முட்டித் திரும்பணும். அந்த வேகத்துக்கு வராது... பொறி பறந்து கருகிரும். இதுல அசையிற பொருளே கெடையாது."

பாண்டியம்மாள் யோசித்தார். "ஏன் இம்புட்டு தடவ? பாதி தொறந்து வச்சா மெதுவாப் போகாதா?"

எனக்குத் தோன்றாத கேள்வி!

"பாதியில நின்னா மிச்ச கரண்டு சூடாப் போயிரும்க்கா. சில்லும் வெந்துரும், பேட்டரியும் எறங்கிரும்."

"அப்ப முழுசாத் தொறக்கணும், இல்ல முழுசா மூடணும். நடுவுல நிக்கக் கூடாது."

"அம்புட்டுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "புரிஞ்சிருச்சுண்ணே."

கேலி இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஒப்புக்கொண்டேன். "எனக்கே தெரியலம்மா. அதான் போன்ல அப்படிச் சொல்லிட்டேன்."

"தெரியலைன்னே சொல்லியிருக்கலாம்லண்ணே. நானும் தெரியாமத்தானே கேட்டேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெரியாததை மறைக்க, எதிரில் இருப்பவரை மட்டமாக்கிவிடுகிறோமே... படித்தவர்கள் இதில் ரொம்பத் தேர்ச்சி.

நான்கு நாளில் சில்லு வந்து, ஆட்டோ ஓடுகிறது. பாண்டியம்மாள் எப்போதும்போலப் பேசிக்கொண்டே ஓட்டுகிறார் — பின் சீட்டில் நான்தான் அவர் முகம் தெரியும் முன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.