ஏழாவது விரல்

சோக்யாப்பைப் பற்றிக் கேட்டால் நேபாள மலைநாட்டு எங்கள் டோல்போ ஆட்கள் பேச்சை மாற்றுவார்கள். நான் மாற்ற மாட்டேன். இருபத்திரண்டு வருடம் அவன் மலை வழிகாட்டி, நான் அவன் குழுவுக்குச் சமையல்காரன். அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. என்னையும் சேர்த்தேதான் திட்டுகிறேன்.

ஆள் குள்ளம். மலைக்கணவாய் ஏறும்போது முன்னால் நடக்க மாட்டான், எல்லோருக்கும் கடைசியாக வருவான். எவன் தள்ளாடுகிறான் என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்பான். ஒரு வெளிநாட்டுக்காரரைக்கூட அவன் மலையில் பறிகொடுத்ததில்லை. சாயங்காலம் நான் சூப்பு ஊற்றும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டரோடு வந்து ஒவ்வொருவர் விரலிலும் மாட்டிப் பார்ப்பான். நம்பர் குறைந்தால் எவர் கெஞ்சினாலும் கீழே இறக்கிவிடுவான். ஒருமுறை ஒரு பெரிய மனுஷர் கத்து கத்தென்று கத்தினார். "கீழே போய்க் கத்துங்க சார், அங்கேதான் மூச்சு நிறைய கிடைக்கும்" என்றான்.

அந்தக் கருவியை எங்கள் விரலில் அவன் மாட்டியதே இல்லை. சமையல்காரன், கழுதைக்காரன், சுமைதூக்கி, யாருக்கும் இல்லை. நாங்களும் கேட்டதில்லை. கணவாயில் விஷக்காற்று உண்டு, அது தரைநாட்டுக்காரனைத்தான் பிடிக்கும், இங்கே பிறந்தவனை ஒன்றும் செய்யாது. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம், மடையர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் தம்பி லுண்டுப் கத்தாரிலிருந்து திரும்பினான். போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. லுண்டுப்பின் மனைவி யங்சோம் கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் காத்திருந்தாள். ஆறு வெளிநாட்டுக்காரர்களோடு நாங்களும் அந்த வழியாகத்தான் போவதாக இருந்தது. "தனியா எதுக்குடா நடக்கறே? சமையல் கூடாரத்துல கைவேலை செஞ்சுக்கிட்டு எங்களோட வா" என்றான் சோக்யாப். யங்சோமிடம் போனில் வாக்கே கொடுத்தான்: "உன் புருஷனை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தறது என் பொறுப்பும்மா. நீ சாராயத்தை ஊறப்போட்டு வை."

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு பேருக்கும் கருவி மாட்டி முடித்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லுண்டுப் எழுந்து வந்தான்.

"அண்ணே, தலை வெடிக்குது. எனக்கும் மாட்டிப் பாரேன்."

சோக்யாப் சிரித்துவிட்டான். "டேய், வெண்ணெய் டீ குடிச்சு வளர்ந்தவன்டா நீ! உனக்கு இதை மாட்டினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

நானாவது சும்மா இருந்தேனா? "துரைக்கு கத்தார் ஏசி பழகிடுச்சு. பாத்திரம் கழுவச் சொன்னா தலைவலி வந்துடுதாம்!" என்றேன். கழுதைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லுண்டுப்பும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் உடம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் நாக்கு அழுகிப் போக!

மறுநாள் முழுக்க இருமினான். தூசி என்றான், நாங்களும் தூசி என்றோம். ஆறு வருடம் தரைநாட்டில் இருந்தவன் உடம்பு மலையை மறந்திருக்கும் என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, கணவாய்க்குக் கீழே முகாமில் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் வந்திருந்தால் சோக்யாப் தேநீர்கூடக் குடிக்கவிடாமல் கீழே இறக்கியிருப்பான்.

"வீட்டுக்குப் போயிடலாம்ணே. இந்தக் கணவாய் ஒண்ணுதானே" என்றான் லுண்டுப்.

"ஆமாடா, அவ கையால கஞ்சி குடிச்சா சரியாப்போயிடும்." விஷக்காற்றுக்கு மருந்தென்று பூண்டை நசுக்கி மூக்கில் காட்டிவிட்டுத் தம்பியைக் குழுவின் சுமைக்குதிரை ஒன்றில் ஏற்றினான். இறங்க வேண்டியவனை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டு போனோம்.

உச்சியில் கற்குவியலைச் சுற்றி வந்து தெய்வங்களுக்கு ஜே போட்டோம். லுண்டுப்பும் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை, நுரைதான் வந்தது. அப்போதுதான் சோக்யாப் ஆக்சிமீட்டரை எடுத்தான். இரண்டு தடவை கீழே போட்டான். மாட்டியபோது நாற்பத்தொன்று காட்டியது; வெளிநாட்டுக்காரர் என்றால் எழுபதுக்குக் கீழே போனாலே இறக்கிவிடுவான். குழுவுக்கென்று வைத்திருந்த ஆக்சிஜனைத் திறந்து முகத்தில் வைத்தான். தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இறங்கினான். எங்கள் ஊர்க் கூரைகள் தெரிகிற திருப்பத்தில் மூச்சு நின்றுவிட்டது.

யங்சோம் வரவேற்றுக் கழுத்தில் போடுகிற வெள்ளைத் துண்டோடு ஊர் எல்லையில் நின்றிருந்தாள். குதிரைமேல் குனிந்து கிடந்தவனைப் பார்த்துத் தூங்குகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

செத்தவனுக்குச் செய்கிற நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிகிறவரை அவள் சோக்யாப்பிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஆறு பேருக்கு மாட்டினீங்களே மாமா, அவருக்கு ஏன் மாட்டலை?"

"அவன் நம்ம ஆளும்மா" என்றான். "நம்ம ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான்..." அந்தப் பயணத்துக்குப் பிறகு அவன் எந்தக் குழுவோடும் போகவில்லை.

யங்சோம் அவனைத் திட்டவில்லை, அழவுமில்லை. "அவரையும் வெளியாளுன்னு நினைச்சிருக்கலாமே மாமா" என்றாள்.

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். லுண்டுப்பின் தலைவலியைக் கேலி செய்த அதே வாயோடு.