புத்தி பதினெட்டு உள்ள மந்திரவாதிகள்

எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கதை சொல்லுவதுதான் என் தொழில். கூனிமேட்டுக்குப் பக்கத்தில், ஈ.சி.ஆர் ஓரமாக இருக்கிற ஒரு தங்கும் விடுதியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மேசை விளையாட்டு நடத்துகிறேன். ஒருவர் வீரர், ஒருவர் திருடர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம். நான் கதையைச் சொல்லுவேன். என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்லுவார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொருவர் தாளிலும் பலம், புத்தி என்று எண்கள் இருக்கும். மந்திரவாதிக்குப் புத்தி பதினெட்டு வரை போகலாம். தாளில். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லித் தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதி உங்களுக்கே தெரியும்.

பாலத்துப் பூதம்

சென்னையிலிருந்து கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவர் பெரிய கணினிக் கம்பெனியில் மேனேஜராம். வந்து உட்கார்ந்ததுமே மந்திரவாதி தாளை இழுத்துக்கொண்டார். "உனக்கு ரூல்ஸ் புரியாது, நீ திருடியா இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

கதையில் ஒரு பாலம். பாலத்தில் ஒரு பூதம். நான் பூதமாகக் குரலைக் கனமாக்கி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன்: "ஏம்பா, எங்க போற?" அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டீ கொண்டு வருகிறவரிடம் நான் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். பூதத்தோடு இங்கிலீஷில் பேசிப் பார்த்தார். பதில் வரவில்லை என்றதும், எந்த மொழியையும் புரியவைக்கும் மந்திரத்தைப் போட்டார். ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் போடமுடிகிற மந்திரம் அது. அதற்குள் அவர் மனைவி பூதத்தைப் பார்த்து, "அண்ணே, கோட்டைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார். பூதம் கையை நீட்டி வழி காட்டிவிட்டது.

அவருக்கு முகம் சிவந்துபோனது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூதம் தமிழ்ல பேசும்னு யாருங்க எதிர்பார்ப்பாங்க?"

கன அடிக் கணக்கு

திண்டிவனத்திலிருந்து வாராவாரம் வருகிறவர் ஒரு ரிட்டயர்டு இயற்பியல் பேராசிரியர். அவரும் மந்திரவாதிதான், வேறு எதுவும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் பூட்டிய அறைக்குள் நாலு அரக்கர்கள். கூட விளையாடிய சகாயம், மரக்காணத்தில் பேங்க் கிளார்க், திருடர் வேடத்தில் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியிருந்தார். உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறப்பதாகத் திட்டம்.

சாருக்குப் பொறுக்கவில்லை. அறையின் நீளம் என்ன, அகலம் என்ன, கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டுக் கேட்டுப் பேப்பரில் எழுதினார். நெருப்பு உருண்டை எத்தனை கன அடிக்கு விரியும், காற்று எவ்வளவு சூடாகும் என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். பிறகு கதவுச் சந்து வழியாக நெருப்பை விட்டார். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நாலு அரக்கர்களும் சாம்பல். சார் நிமிர்ந்து உட்கார்ந்து பாராட்டுக்குக் காத்திருந்தார்.

சகாயம் தன் தாளை மெதுவாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சார், கணக்கெல்லாம் கரெக்டுதான். நான்தான் செத்துட்டேன்."

ஆறு

இது என் கதை. ஒளித்து வைக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது அஞ்சலை அக்கா விடுதிச் சமையலறைக்கு வேலைக்கு வருவார். எல்லோருக்கும் விதிகளைச் சொல்லிக்கொடுப்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிறு ஆள் குறைந்ததால் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நானே அவருக்கு வீராங்கனை தாள் எழுதினேன். பலம் பதினேழு. புத்தி ஆறு. கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினேன்.

அன்றைக்குக் கதையில் உப்பாலேயே ஆன ஒரு ராட்சசன். வெட்டினால் மறுபடி சேர்ந்துகொள்வான். இவனை எப்படி ஒழிப்பது என்று மந்திரவாதிக்குத் தெரியுமா என்று பேராசிரியர் பகடை போட்டார், இரண்டு விழுந்தது. தெரியாது. உப்பு உருக எண்ணூறு டிகிரிக்கு மேல் வேண்டும், நம் நெருப்பு போதாது என்று அவர் தலையில் கைவைத்தபோது அஞ்சலை அக்கா சொன்னார்: "மழை மந்திரம் இருக்குதா சார்? இருந்தா போடுங்க. ஒரு மழை வந்தா பாத்தி உப்பு மொத்தமும் கரைஞ்சு பூடும்."

சரியான பதில். நான் எழுதி வைத்திருந்ததும் அதேதான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லக்கா, உங்க பாத்திரத்துக்குப் புத்தி ஆறுதான். அவளுக்கு இது தெரிய வாய்ப்பில்ல" என்றேன். விளையாட்டின் விதி அப்படித்தான். என் சித்தியும் அதே உப்பளத்தில் உப்பு வாரியவள்தான். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அக்கா எழுந்துவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஆறுன்னு எழுதுனது யாரு, டீச்சர்?"

பேனா கைமாறியது

அடுத்த ஞாயிறு சமையலறைக்கே போய், "தப்பு என்னோடதுதான்க்கா" என்று சொல்லி, வெறும் தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் மந்திரவாதி என்று எழுதினார். புத்திக்கு நேரே பதினெட்டு. பேராசிரியர் பெருந்தன்மையாக வீரன் வேடத்தை எடுத்துக்கொண்டு, தானே முந்தி புத்தி ஆறு என்று போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகம் திருந்திவிட்டது என்றே நினைத்தேன்.

கதையில் ஒரு கிணறு, அதிலிருந்து புகை. உள்ளே புதையல் என்று அஞ்சலை அக்கா இறங்கப் போனார். பேராசிரியர் பதறினார்: "இரும்மா, அது புகை இல்ல, நீராவி. உள்ள தண்ணி கொதிக்குது." உண்மையில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். கிணற்றில் குதிப்பதற்கு முன் மந்திரவாதி கடைசியாகப் பேசியது இதுதான்: "சார், உங்களுக்குப் புத்தி ஆறு. கத்தியத் தூக்கினு பேசாம பின்னாடி வாங்க."

மந்திரவாதியாக விளையாடப் புத்தி வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தாள் யார் கைக்குப் போனாலும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் புத்தி மட்டும் உடனே குறைந்துவிடுகிறது.