சுஐபு கேட்டுட்டுத்தான் உள்ள போனான்

கார்மேகத்துக்கு எரிச்சல் வந்தால் சத்தம் போட மாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, உள்பட்டையைப் பிரித்து, மறுபடி மாட்டிக்கொண்டிருப்பார். 2023 ஜூலையில் ஒரு வாரம் முழுக்க அவர் கை அந்த ஹெல்மெட்டை விடவில்லை. அந்த வாரம் அவரிடம் பேச வந்தவர்களில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள். எரிச்சலே அதனால்தான்.

அப்போது நானும் அவரும் அமீரகத்தில் புஜைராவில் ஒரே கம்பெனியில் இருந்தோம். கச்சா எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் படியும் கசடை அள்ளிச் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனி. நான் ஆபீசில் கடிதமும் ரிப்போர்ட்டும் அடிப்பவன், பெயர் ஜெயமணி. அவர் சைட்டில் ஹோல் வாட்ச். அதாவது, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் தொட்டியின் கீழே இருக்கும் வாயிலுக்கு வெளியே நிற்பவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுத வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை நகரக் கூடாது. மாற்றாள் வராமல் ஒன்றுக்குக்கூடப் போக முடியாது. "நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா" என்று தொழிலாளர் கேம்ப்பில் கேலி செய்வார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர். புகையின் நிறத்தைப் பார்த்தபடி மணிக்கணக்காக ஓரிடத்தில் நிற்பது அங்கேயே பழகிவிட்டது. பக்கத்து ஊர் மணிமாறன்தான் விசாவுக்கு ஏற்பாடு செய்து அவரை இங்கே கூட்டிவந்தார். மணிமாறன் வயதில் இளையவர், ஆனால் கம்பெனியில் ஃபோர்மேன். இருவருக்கும் ஒரே ரூம். கீழ்க் கட்டில் கார்மேகத்துக்கு, மேல் கட்டில் மணிமாறனுக்கு.

கோடையில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை கூடாது. அந்த இரண்டரை மணி நேரத்தில் கசடிலிருந்து விஷவாயு கிளம்பித் தொட்டிக்குள் தேங்கியிருக்கலாம். அதனால் மூன்று மணிக்கு ஆள் திரும்பப் போகும் முன் ஃபோர்மேன் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, அளவைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மணிமாறன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்தபடியே, காலையில் எழுதிய அளவையே மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மறுநாள் தொட்டியை ஒப்படைக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து காலை முதல் போன்மேல் போன் போயிருந்தது. அதில் இரண்டு நான் போட்டவை.

"மீட்டரு விட்டுப் பாக்கலையா தம்பி?" என்று கார்மேகம் கேட்டார்.

"காலைல பாத்ததுதானண்ணே. யல்லா, சீக்கிரம் ஆள உள்ள விடுங்க."

வரிசையில் முதலில் நின்றவர் சுஐபு. வங்காளதேசத்துக்காரர், அதிகம் பேசாதவர். "டெஸ்ட் ஹோ கயா, பாய்?" என்று கார்மேகத்திடம் கேட்டார். சோதனை முடிந்ததா என்றுதான் கேட்டார். கார்மேகம் கையிலிருந்த சீட்டைக் காட்டினார். சுஐபு தன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்று மணி நாலு நிமிடம் என்று கார்மேகம் எழுதினார்.

சில நிமிடங்களில் உள்ளே மண்வெட்டிச் சத்தம் நின்றது. கார்மேகம் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. வரிசையில் அடுத்து நின்றவரைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு அலாரத்தை அடித்தார். முகமூடி போட்ட ஆட்கள் போய்த் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி இந்த வேலைக்கு நுரையீரல் தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், கம்பெனி டிக்கெட் எடுத்து அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது.

தொட்டியின் சொந்தக்காரக் கம்பெனி விசாரணை வைத்தது. அதற்கு எங்கள் பக்கத்து ரிப்போர்ட் தயாரானது. இடைவேளை முடியும் முன்பே, விட்டுவந்த டார்ச்சை எடுக்க, யாரிடமும் சொல்லாமல் சுஐபு உள்ளே போய்விட்டார் என்று அதில் இருந்தது. நான்தான் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். சாட்சியாகக் கார்மேகத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதை எழுதச் சொன்னவர் எங்கள் சேஃப்டி மேனேஜர் வெங்கட்ராமன். ஷார்ஜாவில் முவைலாவில் குடும்பத்தோடு இருப்பவர். தினமும் மலை தாண்டிக் கார் ஓட்டி வருவார். சுஐபு ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் தவறாமல் போய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கார்மேகத்தைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். பக்கத்து மேசையில் நான் இருந்தேன்.

"இதுல யாருக்கு நஷ்டம்னு பாருங்க கார்மேகம். சுஐபு ஊருக்குப் போயாச்சு. இந்தப் பேப்பரை அவர் பார்க்கவே போறதில்ல. வைத்தியம், டிக்கெட், எதுவும் இதனால மாறாது. உண்மையை எழுதினா கான்ட்ராக்ட் போயிடும். அறுபது பேர் வேலை. மணிமாறனுக்கு ரெண்டு பொண்ணு வேற."

"அவன் கேட்டுட்டுத்தான் சார் உள்ள போனான்."

"தெரியும்."

"பேரு சொல்லிட்டுப் போனான். மூணு நாலுன்னு எழுதியிருக்கேன்."

"அந்தப் பக்கத்தை மாத்திக்கலாம்."

கார்மேகம் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சொல்லாம கொள்ளாம போனான்னு அவன் பேருல இருக்கும்ல சார்."

"அவருக்கே தெரியாத ஒண்ணால அவருக்கு என்ன கெடுதல்? நீங்களே சொல்லுங்க."

"எனக்குச் சொல்லத் தெரியல. செத்துப்போனவனைத் திட்டுனாக்கூடத்தான் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்காகத் திட்டலாமா?"

வெங்கட்ராமன் பெருமூச்சு விட்டார். "ஒரு பக்கம் அறுபது குடும்பம். இன்னொரு பக்கம் ஒரு காகிதம்."

"இன்னைக்கு அறுபது பேருக்காக அவன் தப்புங்கிறீக. நாளைக்கு அறுபது பேருக்காக நானுன்னு எழுதுவீக."

"பார்த்தீங்களா? நீங்களும் நாளைக்கு என்ன ஆகும்னுதானே பார்க்கறீங்க?" வெங்கட்ராமன் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

கார்மேகம் ஹெல்மெட்டின் உள்பட்டையைப் பிரித்தார். "அப்ப அத விட்ருங்க சார். நாளைக்கு எனக்கு எதுவுமே வராதுன்னாலும் இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மெஸ்ஸில், பஸ்ஸில், குளிக்கப் போகும் வரிசையில். எல்லோரிடமும் அதே அறுபது. சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்காருபவர் வாயைத் திறக்கும் முன்பே, "அறுபது பேரு, தெரியும்யா" என்று கார்மேகம் சொல்லிவிடுவார். ஊரிலிருந்து அவர் மனைவி சரோஜா போனில் அழுதார். "மணிமாறன் தம்பி இல்லாட்டி நீங்க அங்க போயிருப்பீகளா? அந்த ஆளு உசுரோடதான இருக்காரு? அப்புறம் என்ன உங்களுக்குப் பிடிவாதம்?" கார்மேகம், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மணிமாறன் மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் நான் ஒரு பேப்பர் கொடுக்க அவர்கள் ரூமுக்குப் போனபோது பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேணும்னேவா செஞ்சேன்? என் பொண்ணுக என்ன ஆகும்னு நினைச்சீங்களாண்ணே?"

"அத நினைக்காம ஒரு நாளு தூங்கல."

"அப்ப எழுதிக் குடுங்க."

"என்ன ஆகும், என்ன ஆகும்னே எல்லாரும் கேக்குறீக. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீகளா?"

"நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும்ல? அத எழுதுறதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு?" கார்மேகத்தின் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். 'எழுதியது நான்தான், என்னையும் திட்டுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை.

விசாரணைக்குத் தொட்டியின் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து மக்தூம் என்ற அதிகாரி வந்தார். நிதானமானவர், நன்றாக ஹிந்தி பேசுவார். கார்மேகம் தன் அரைகுறை ஹிந்தியில் வரிசையாகச் சொன்னார். மூன்று நாலுக்குச் சுஐபு உள்ளே போனது. போகும் முன் அவர் கேட்டது. மீட்டர் வண்டியை விட்டு இறங்காதது.

"மீட்டர் வரவில்லை என்று உனக்குத் தெரியுமா?" என்று மக்தூம் கேட்டார்.

"தெரியும். தெரிஞ்சும் சீட்டைக் காட்டி உள்ள விட்டேன். அதையும் எழுதிக்குங்க."

யாரும் அவரை அதைச் சொல்லச் சொல்லவில்லை. வெங்கட்ராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

கான்ட்ராக்ட் போகவில்லை. ஆனால் இரண்டு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார்கள். மணிமாறனை வேலையை விட்டு எடுத்தார்கள். வேலை இல்லாத அந்த இரண்டு மாதத்தில் இன்னும் பதினான்கு பேரைக் கம்பெனி ஊருக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. கார்மேகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அதை அடித்ததும் நான்தான்.

மணிமாறன் கிளம்பிய அன்று பெட்டியைக் கார்மேகம் தூக்கப் போனார். மணிமாறன் கொடுக்கவில்லை. "அறுபதுன்னாங்க, பதினஞ்சோட முடிஞ்சுது. சந்தோசமாண்ணே?"

"இல்ல," என்றார் கார்மேகம்.

வேலை மறுபடி தொடங்கிய பிறகுதான் இன்னொரு விஷயம் தெரியவந்தது. எதிர்த் தொட்டியின் மேலிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததாம். பொய் சொல்லியிருந்தால் அது பிடிபட்டு, கான்ட்ராக்ட்டும் போய், அறுபது பேருமே போயிருப்பார்கள். அன்றோடு கேம்ப்பில் காற்று திசை மாறியது. கேலி செய்தவர்கள் கார்மேகத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வெங்கட்ராமன் ஆபீசுக்கே கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

"உங்க கணக்குதான் சரியா வந்தது, கார்மேகம்."

"நான் கணக்கே போடல சார்."

"இல்ல, முடிவைப் பார்த்தா..."

"கேமரா இல்லாம இருந்திருந்தா? அப்ப நான் செஞ்சது தப்பாப் போயிருக்குமா? கலாஸ், முடிஞ்சுது, விடுங்க சார்." கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். திட்டியவர்களைவிட இந்தப் பாராட்டுதான் அவரை அதிகம் வதைத்தது என்று எனக்குத் தோன்றியது.

டிசம்பரில் புது ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் காலை அவர்களை முற்றத்தில் நிறுத்தி வெங்கட்ராமன் பேசினார். கார்மேகத்தைச் சுட்டிக்காட்டி, இவர் உண்மையைச் சொன்னதால்தான் கம்பெனி பிழைத்தது, உண்மை சொன்னால் யாருக்கும் நஷ்டம் வராது என்று முடித்தார். புது ஆட்கள் கைதட்டினார்கள்.

கார்மேகம் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "சார், பதினஞ்சு பேரு போனாக. அதையும் சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கு இவுக யாராச்சும் நஷ்டம் வராதுன்னு நினைச்சு உண்மையச் சொல்லி, வந்தப்புறம் முழிப்பாக."

கைதட்டல் நின்றது. வெங்கட்ராமன் கோபப்படவில்லை. கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மணிமாறனில் தொடங்கிப் பெயர்களைச் சொன்னார். ஒன்பது வரைதான் அவரால் சொல்ல முடிந்தது. மீதி ஆறு பெயரையும், ஊரோடு சேர்த்து, கார்மேகம் சொன்னார். அதன் பிறகு ஆட்கள் வேலைக்குக் கலைந்தார்கள்.