கரடிமுதுகை உழுதவன்

ரோவினா ஹாஸ்கெட் எதையும் மறக்கிற ரகம் இல்லை. பள்ளி நாளில் தன் தொப்பியை ஆற்றில் வீசியவளைத் தன் கல்யாணத்துக்கே அழைக்காதவள். கலிஃபோர்னியாவின் வட மலைகளில், ஜீப்பும் மோட்டார்சைக்கிளும் ஏறும் காட்டுத் தடங்களில் யார் வண்டி சிக்கினாலும் அவளுடைய இழுவை லாரிதான் போகும். வசவோடுதான் இழுப்பாள். ஆனால் இழுக்காமல் திரும்பியதில்லை.

இளவயதில் மோட்டார்சைக்கிள் பந்தயம் ஓட்டி இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, அவள் மனசெல்லாம் கரடிமுதுகுப் பாதையில்தான். அரசாங்கக் காட்டுக்குள், அனுமதி வாங்கி, வண்டிச் சங்கத்தார் கையால் போட்ட பாதை அது. செங்குத்தான இடங்களில் பாறைகளைப் புரட்டிப் படியாக அடுக்கியவர்கள் அவளும் டர்க் மெல்பியும். டர்க் அவள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கில்லை.

பிறகு ஒரு கோடையில் தீ வந்தது. மலை முழுக்கக் கரிக்கம்பமாக நின்றது. எரிந்த மரத்தைச் சீக்கிரம் வெட்டி விற்றாக வேண்டும், வெட்டி முடிக்கும்வரை பாதைகளை மூட வேண்டும் என்று வனத்துறை திட்டம் போட்டது. வண்டிக்காரர்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட்டு, ஊர்க்கூட்டத்திலும் கொதித்தார்கள். அப்போதுதான் டர்க் எழுந்தான். மரம் வெட்டும் ஒப்பந்தம் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது.

"அந்தப் பாதையைப் போட்டவனே நான்தான். அதுல ஒரு கீறல் விழாது. விழுந்தா நானே சரி பண்ணித் தர்றேன்."

யாரும் நம்பவில்லை. ரோவினா எழுந்து, "அவனுக்கு நான் பொறுப்பு. ஆட்சேபணையை வாபஸ் வாங்குங்க" என்றாள். அவள் முகத்துக்காக வாங்கினார்கள்.

இலையுதிர் காலத்தில், பள்ளத்தில் இறங்கிவிட்ட, டர்க்கின் கூலியாள் ஒருவனின் வண்டியை மீட்க அவள் உள்ளே போனாள். கரடிமுதுகைக் காணவில்லை. புல்டோசர் அதை மேலிருந்து கீழ்வரை உழுதிருந்தது. அதன் வழியாகத்தான் மரங்களை இழுத்திருந்தார்கள். பாறைப் படிகள் ஓடைக்குள் உருண்டு கிடந்தன. கழித்துப் போட்ட கிளைகள் வீட்டுயரத்துக்குக் குவிந்திருந்தன.

டர்க் இயந்திர நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒப்பந்தத்துல பாதைன்னு ஒரு வார்த்தை கிடையாது ரோவினா. வேற பக்கமா இழுத்தா எனக்குக் கட்டுப்படியாகாது."

"கூட்டத்துல சொன்னியே."

"கூட்டத்துல ஆயிரம் சொல்வாங்க. நாலு பேர் வண்டி ஓட்டி விளையாடுற இடம். அதுக்கு ஏன் எழவு வீடு மாதிரி மூஞ்சிய வச்சுக்கற?"

அவள் கூலியாளின் வண்டியை இழுத்துக் கொடுத்துவிட்டு மலையிறங்கினாள். ஊரில் பேச்சு நிற்கவில்லை. "பொறுப்பு வர்றா பாரு" என்று பெட்ரோல் பங்கில் அவள் காதுபடவே சொன்னார்கள். அதை அவள் விழுங்கிக்கொண்டாள். உள்ளே இறங்கியது செரிக்கவில்லை.

குளிர்காலத்தின் முதல் புயலுக்கு முன்னால் டர்க் போன் செய்தான். மரம் ஏற்றும் லோடர் சரிந்து ஓடைச் சேற்றில் புதைந்துவிட்டது. வெட்டிய மரமெல்லாம் மேலே அடுக்கிக் கிடக்கிறது. பனி விழுந்தால் வசந்தம்வரை சாலை திறக்காது. சமவெளியிலிருந்து வேறு இழுவை லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ரோவினா வந்தாள். சேற்றில் இறங்கி இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு லாரிப் படியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

"என்ன உக்காந்துட்ட? பனி வருதும்மா" என்றான் டர்க்.

"கம்பியை எதுல கட்டறது? இவ்வளவு எடைக்கு என் லாரி மட்டும் தாங்காது. பின்னால ஒரு பிடிமானம் வேணும்."

அவன் சுற்றிலும் பார்த்தான். அடிக்கட்டைகள் எல்லாம் எரிந்து பொடிந்தவை.

"இங்க பாறைப்படி இருந்துது. யானை மாதிரி. நீயும் நானும் வச்சது. அதுல கட்டியிருக்கலாம்."

"ரோவினா, என் பொழப்பே இதுல கிடக்கு. நாளைக்கே படிய எடுத்து வச்சுத் தர்றேன். சத்தியமா."

"அதுக்கு யாரு பொறுப்பு?"

அவள் காபியை முழுக்கக் குடித்துவிட்டு லாரியைத் திருப்பினாள். அவனும் ஆட்களும் தங்கள் பிக்கப் வண்டியில் மலையிறங்கினார்கள். அன்றே பனி கொட்ட ஆரம்பித்தது.

வசந்தத்தில் சாலை திறந்தபோது, அடுக்கிய பைன் மரங்களில் பூஞ்சையின் நீலக் கறை பாய்ந்திருந்தது. வண்டு துளைத்திருந்தது. மரஅறுவை ஆலை வேண்டாம் என்றது. வனத்துறை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. டர்க் இயந்திரங்களை விற்றான்.

சங்கத்தார் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்த ரோவினா ஏமாந்தாள். "நீ அன்னிக்கு இழுத்திருந்தா அவனை வச்சே கிளைக் குவியலையாவது அள்ள வச்சிருக்கலாம். இப்ப யாரு அள்ளுவா?" என்று கேட்டார் சங்கத் தலைவர்.

"அவன் அள்ளியிருக்க மாட்டான்" என்றாள். அப்படித்தான் நம்பினாள். கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கோடையில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் டர்க் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மெலிந்திருந்தான்.

"ஒன்னு கேக்கணும். குளிர்காலம் பூரா இதையேதான் நினைச்சிட்டிருந்தேன். அன்னிக்கு நிஜமாவே இழுத்திருக்க முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகப் போயிருப்பான். அவளுக்கும் அது தெரியும்.

"முடியும். கீழ்ப்பக்கம் ஓடைக்கரையில பாறை இருந்துது. அரை நாள் வேலை."

டர்க் தன் வண்டியில் சொருகியிருந்த பெட்ரோல் குழாயை எடுத்து மாட்டிவிட்டு, பாதி நிரம்பிய வண்டியோடு போனான். ரோவினா தன் லாரிக்கு நிரப்பிக்கொண்டு, கண்ணாடியையும் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வனத்துறையின் புது வரைபடத்தில் கரடிமுதுகு இல்லை. எதிர்மலையில் சங்கத்துக்கு வேறு பாதை கொடுத்திருக்கிறார்கள். அங்கே வண்டி சிக்கினால் அவள் போகிறாள், வசவோடு இழுக்கிறாள்.