மூணு பெத்தவ

செருப்புக் கிடங்குக்கு மேலே இருந்த அந்த ஆபீஸில் எட்டுப் பேர் உட்கார்ந்து பொய் சொல்வார்கள். வாய்தவறிச் சொல்லும் பொய் இல்லை. காலையில் வந்து கைரேகை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை ஒழுங்காகச் சொல்லும் பொய். ரப்பர் நாற்றம் படியேறி வரும். ஆளாளுக்குத் தொட்டு மவுஸெல்லாம் பிசுபிசுவென்றிருக்கும். துடைக்க ஒருத்தருக்கும் தோன்றாது. செய்கிற வேலைக்கு இந்தப் பிசுக்கு எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

வேலை இதுதான். ஒரு செய்தித் தளம். அதில் வாசகர்களே எங்கோ படித்ததன் லிங்க்கைக் கொண்டுவந்து போடுவார்கள். பிடித்தவர்கள் மேல் அம்பை அமுக்குவார்கள். நிறைய அமுக்கு வாங்கியது முதல் பக்கத்துக்கு ஏறும். ஏறிவிட்டால் போதும், அந்த லிங்க் போய்ச் சேரும் இணையதளத்தில் கூட்டம் அலைமோதும். அப்படிக் கூட்டம் வேண்டும் என்கிற கம்பெனிக்காரர்கள் இந்த ஆபீஸைத் தேடி வருவார்கள்.

“நேரா லிங்க்கைப் போட்டா குப்பைன்னு தூக்கிடுவாங்க” என்பார் மேனேஜர். “முதல்ல ஒரு ஆளை வளர்க்கணும். நாலு பேருக்கு நல்லது சொல்லணும், ஆறுதல் சொல்லணும். இவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஜனம் நம்பணும். அப்புறம் போடணும் லிங்க்கை.”

நம்ப வைத்துக் கழுத்தறுப்பதை மனிதர் இவ்வளவு நாசூக்காகச் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு, மீசை சரியாக முளைக்காத ஒருவன் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டனாக இருந்தான். டிரைவிங் டெஸ்டில் தோற்றவள் கார் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொன்னாள். அத்தனை பேரிலும் நன்றாக ஆள் வளர்த்தவள் ஆயாம்மா.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்து, அதை இழுத்து மூடியதும் இங்கே வந்தவள். ஆயாம்மா என்கிற பெயர் மேனேஜர் வைத்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அவள் வளர்த்த ஆளுக்கு ‘மூணு பெத்தவ’ என்று பெயர். குழந்தை வளர்ப்புப் பகுதியில் எந்தத் தாய் எதைக் கேட்டாலும் ‘மூணு பெத்தவ’ வந்து “கண்ணு” என்று ஆரம்பிப்பாள். பெயர்தான் பொய்; சொன்னதெல்லாம் காப்பகத்தில் கற்ற நிஜம். அதனால்தான் அந்தப் பொய் அப்படி வேர்பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், கைக்குழந்தைக்காரியான தம்பி பெண்டாட்டியும் அங்கே போய்த்தான் விழுந்தாள். வீட்டில் ஆயாம்மா, “பால் குடிச்சதும் தோள்ல போட்டு முதுகை நீவிவிடும்மா” என்றால், “பெத்தவங்களுக்குத்தான் அண்ணி இதெல்லாம் தெரியும்” என்று பட்டென்று முறித்துவிடுவாள். மறுநாள் அதையே போனில் காட்டுவாள்.

“பாருங்க அண்ணி, எவ்வளவு பொறுமையா சொல்லியிருக்காங்க. இவங்க அனுபவசாலி.”

ஆயாம்மா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்றால் அவளைத் திட்டத் தோன்றும். திட்டலாம்.

ஒருநாள் தம்பி பெண்டாட்டி ‘மூணு பெத்தவ’ளுக்குத் தனியாக எழுதினாள். பிள்ளையைப் பார்த்தால் பாசமே வரவில்லை, எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது, புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, நானெல்லாம் ஒரு தாயா என்று. வீட்டில் போனில் பார்த்த பெயர்தான்; யார் எழுதியது என்று ஆயாம்மாவுக்குத் தெரியும். இது நிறையப் பேருக்கு வருவது, உன் தப்பில்லை, டாக்டரிடம் போ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள். பின்னால் நின்று படித்த மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். “ஆள் வளர்க்கிறதுன்னா இதுதான்” என்று அந்தப் பெண்ணின் கடிதத்தை உரக்கப் படித்தார். கப்பல் கேப்டன் சிரித்தான். ஆயாம்மா திரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த தாய்க்குப் பதில் தட்டினாள்.

பிறகு அந்த லிங்க் வந்தது. குழந்தை அழாமல் தூங்கச் சொட்டு மருந்து.

“இதுல என்னென்ன கலந்திருக்குன்னே போடல சார்” என்றாள்.

“கூட்டத்தைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல விடுறதுதான் நம்ம வேலை. உள்ள அவன் என்ன விக்கிறான்னு நமக்கெதுக்கு? நீங்க எழுதலைன்னா பக்கத்துல இருக்கிறவ எழுதப்போறா.”

எழுதினாள். என் மூன்றாவது பிள்ளைக்குக் கொடுத்தேன், வீடே நிம்மதியாகத் தூங்கியது என்று வாய் கூசாமல் எழுதினாள். யாராவது சந்தேகம் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் எழுதிக் கொடுத்தாள். எட்டுப் பேரும் ஆளுக்குப் பத்து வேஷத்தில் அம்பை அமுக்கினார்கள். மத்தியானத்துக்குள் முதல் பக்கம். மறுநாள் மேனேஜர் பாஸ்வேர்டை மாற்றி, ‘மூணு பெத்தவ’ளை அடுத்த நாற்காலிக்காரியிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் ஆயாம்மா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் சீல் பிரிக்காமல் அந்தப் பாட்டில் நின்றது.

“இதைக் கொடுக்காதேம்மா.”

“ஏன் அண்ணி? மூணு பெத்தவங்களே கொடுத்திருக்காங்க.”

“அது நான்தான்.”

தம்பி பெண்டாட்டி சிரித்துவிட்டாள். “நீங்களா? அவங்க உங்களை மாதிரி எல்லாத்துலயும் மூக்கை நுழைக்க மாட்டாங்க.”

“அப்படின்னா கேட்டுப் பாரு. வீட்டுல வேண்டாம்னு சொல்றாங்கன்னு எழுது. என்ன பதில் வரும்னு நான் சொல்றேன்.” ஆயாம்மா மடித்த துணியைக் கீழே வைத்தாள். “‘கண்ணு, கைக்குழந்தை இருக்கிற வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க. பெத்த மனசுக்குத் தெரியாதது பெறாதவங்களுக்கா தெரியப்போகுது?’ இதுதான் வரும்.”

தம்பி பெண்டாட்டி விளையாட்டாகத்தான் போனில் தட்டினாள். விடுமுறை ஆயாம்மாவுக்கு மட்டும்தான்; ஆபீஸ் நடந்துகொண்டிருந்த நேரம். பதில் உடனே வந்தது. ஒரு எழுத்து மாறவில்லை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பாட்டிலை எடுத்துச் சீலை உடைத்து, மருந்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டாள். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

“அப்போ நான் தனியா எழுதினதையும் நீங்கதான் படிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“ஆபீஸ்ல உக்காந்தா?”

“ஆமா.”

“வேற யாரும் பார்த்தாங்களா அண்ணி?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதை நம்பும்படி சொல்லவும் ஆயாம்மாவுக்குத் தெரியும். அதற்குத்தானே சம்பளம் வாங்கினாள். ஆனால் தன் வாயை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“மேனேஜர் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினார்.”

தொட்டிலில் குழந்தை விழித்துச் சிணுங்கியது. பழக்கதோஷத்தில் ஆயாம்மா குனிந்து கையை நீட்டினாள்.

“தொடாதீங்க” என்றாள் தம்பி பெண்டாட்டி. சத்தமே இல்லாமல், பிசுக்குப் பட்டுவிடும் என்பதுபோலக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. குழந்தை ஆயாம்மாவின் தோளுக்குப் பழகியது. உள்ளேயிருந்து நெடுநேரம் அழுதது.