மாடன் எல்லைக்குள் பதினோரு புள்ளிகள்

சிவகிரிக்காரி நிர்மலாதேவிக்கு வாய் நீளம் என்று அலுவலகத்தில் பேர். வாயைவிடக் கால்தான் நீளம். வரைபடத்தில் ஒரு கோடு சந்தேகமாக இருந்தால் நேரில் போய் நின்றுவிடுவாள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று திட்ட வரைபடம் தயாரிக்கும் தனியார் கம்பெனியில் அவள் சர்வேயர். அந்த வரைபடத்தில் ஒரு கால்வாய் சுடலைமாடன் கோயில் வரை நீலமாக வந்து, அங்கேயே செத்துப்போயிருந்தது. அதற்குக் கீழே முழுக்க மஞ்சள், அதாவது வீட்டுமனை. கும்பிட வந்த கால்வாய் கோயிலிலேயே தங்கிவிட்டதா என்ன? கீழே ஒரு குளமும் அதை நம்பி நூறு ஏக்கர் வயலும் இருக்கின்றன. கால்வாயை மூடி மனை போட்டால் எல்லாம் கட்டாந்தரைதான்.

காரணம் அவளுக்கு விளங்கிற்று. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் ஆலமரங்கள் மட்டுமே தெரிந்தன. தரையில் அளக்கப் போன ஆண்களோ உள்ளூர்க்காரர்கள். மாடன் எல்லைக்குள் கருவியோடு நுழையப் பயந்து சுற்றி வந்துவிட்டார்கள். பெண்கள் உள்ளே போகவே கூடாது.

அவள் போனாள். செருப்பை வெளியே விட்டு, மாடனைக் கும்பிட்டு, ஜிபிஎஸ் கருவி பொருத்திய கம்பை ஊன்றினாள். மரத்தடியில் சிக்னல் லேசில் கிடைக்காது. ஓர் இடத்தைப் புள்ளியாகப் பதியப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கால்வாய் நெடுகப் பதினோரு புள்ளி எடுத்தாள். புதருக்குள் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் நிர்வாகி அய்யாத்துரை ஆட்களோடு ஓடி வந்து, எல்லைக்கு வெளியே நின்று கத்தினார். "ஏம்மா, பொம்பள உள்ள போலாமா?"

"முடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி. மாடனே சும்மாதான இருக்காரு."

மறுநாள் மேலாளர் கணேசமூர்த்தி புள்ளிகளைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பளைய அங்கன விடவே மாட்டானுவ. இதெல்லாம் நீ சீட்ல இருந்து டைப் அடிச்ச நம்பரு. பழைய படத்துலயே கையெழுத்தப் போடு. இல்லன்னா நாளையில இருந்து வராத."

வேலை போனால் போகட்டும். பொய்க்காரி என்றதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அய்யாத்துரை உள்ளே வந்தார். கையில் முப்பது பேர் கையெழுத்திட்ட புகார். நிர்மலாதேவி என்ற பெண் நேற்றுப் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, கோயில் எல்லைக்குள், கால்வாய் நெடுகக் கருவியோடு நின்றாள் என்று எழுதியிருந்தது.

"இதெல்லாம் நெசந்தான அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"மாடன் மேல சத்தியம்! முப்பது பேரும் கண்ணால பாத்தோம்."

கணேசமூர்த்தியின் முகம் செத்துவிட்டது. அவள் புகாரை வாங்கி, அடியில் 'ஆமாம், நான்தான் போனேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். புதிய வரைபடத்தோடு சேர்த்துப் பின் அடித்து அவர் மேசையில் வைத்தாள்.

"இப்ப என்னை வேலைய விட்டு நிறுத்துங்க சார். உள்ள போனதுக்காக நிறுத்துதேன்னு எழுதிக் குடுங்க."